மிச்சத்தில் பிறந்த விருந்து

மணிலாவில் மாலை ஐந்து மணிக்கு மேல் தெருமுனைகளில் புகை கிளம்பிவிடும். தகர அடுப்பில் கரித் தணல், மேலே ஒரு கம்பி வலை, அதன்மேல் மூங்கில் குச்சிகளில் கோத்த கறி. வேலை முடிந்து திரும்புபவர்கள் ஜீப்னி வண்டியிலிருந்து இறங்கி நேராக அடுப்படிக்கு வருகிறார்கள். "இரண்டு அடிடாஸ், ஒரு வாக்மேன், மூன்று பீட்டாமேக்ஸ்" என்று ஆர்டர் பறக்கிறது.

வெளியூர்க்காரர் திகைப்பார். உள்ளூர்க்காரருக்கு விளக்கம் தேவையில்லை. அடிடாஸ் என்பது கோழிக்கால். மூன்று விரல்கள், ஷூவில் இருக்கும் மூன்று கோடுகள் மாதிரி. வாக்மேன், பன்றிக் காது. உறைய வைத்துச் சதுரமாக வெட்டி வாட்டிய ரத்தம், பீட்டாமேக்ஸ். கறுப்பு வீடியோ கேசட் போல இருப்பதால் வந்த பெயர். கோழித் தலைக்கு ஹெல்மெட். கோழி இறக்கைக்கு அந்நாட்டு விமான நிறுவனத்தின் சுருக்கப் பெயரான 'பால்'. வளைத்து வளைத்துக் குச்சியில் கோத்த குடலுக்கு 'இசாவ்' என்று ஒரு பெயர் இருந்தாலும், கருத்தடைச் சாதனத்தின் பெயரைச் சொல்லிக் கேட்கிற குறும்பர்களும் உண்டு.

பீட்டாமேக்ஸ் கேசட் விற்பனையை சோனி நிறுவனம் 2016ல் நிறுத்திவிட்டது. வாக்மேனைக் கையில் வைத்திருப்பவரைப் பார்ப்பது அரிது. மணிலாவின் அடுப்புகளில் மட்டும் இரண்டும் இன்னும் சூடாக விற்கின்றன. இந்தப் பெயர்கள் எந்தக் காலத்தில் முளைத்தவை என்பதை அவையே சொல்லிவிடுகின்றன. 1983ல் எதிர்க்கட்சித் தலைவர் பெனிக்னோ அக்கினோ மணிலா விமான நிலையத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பின் மார்கோஸ் ஆட்சியின் பொருளாதாரம் சரிந்தது. 1984ல் மட்டும் விலைவாசி ஏறக்குறைய 50 சதவீதம் ஏறியது. கறி வாங்கக் கட்டுப்படியாகாதவர்களுக்கு, கசாப்புக் கடையில் கடைசியாக மிஞ்சும் காலும் காதும் குடலும் ரத்தமும் கட்டுப்படியாயின. வறுமையை வறுமை என்று சொல்லாமல், வாங்க முடியாத பொருள்களின் பெயரை அதற்குச் சூட்டிச் சிரித்துக்கொண்டே தின்றார்கள்.

பிலிப்பைன்ஸ் நாட்டின் கறிச் சமையலில் பெரும்பகுதி இப்படித்தான் உருவானது. யாரோ ஒருவர் வேண்டாம் என்று ஒதுக்கியதை, வேறொருவர் விருந்தாக்கினார்.

தெருவோர அடுப்பின் ராஜா என்று சொல்லத்தக்கது பன்றிக்கறி பார்பெக்யூ. அமெரிக்கர்களுக்கு அந்தச் சொல் பெரிய பெரிய துண்டங்களை மணிக்கணக்கில் புகையில் வேக வைப்பதைக் குறிக்கும். பிலிப்பைன்ஸில் அது குச்சிக் கறி. பொதுவாகத் தணலில் வாட்டிய எதற்கும் 'இனிஹாவ்' என்று பெயர். கொழுப்பும் சதையும் கலந்த கறியை மெல்லிய துண்டுகளாக அரிந்து, சோயா சாஸ், நசுக்கிய பூண்டு, மிளகு, பழுப்புச் சர்க்கரை, கலமன்சி என்ற சுண்டைக்காய்க்கு அண்ணன் போன்ற சின்ன எலுமிச்சையின் சாறு எல்லாம் சேர்த்து ஊற வைக்கிறார்கள். கறி மென்மையாக வேண்டும் என்று ஒரு பாட்டில் எலுமிச்சை சோடாவையும் ஊற்றுவது பலர் வழக்கம். இரவு முழுக்க ஊறிய கறியைக் குச்சியில் கோத்து, சாற்றைப் பூசிப் பூசித் திருப்பினால் ஓரங்களில் சர்க்கரை கருகி மினுமினுக்கும். தொட்டுக்கொள்ள, வெங்காயமும் மிளகாயும் மிதக்கும் காடி. செபு தீவில் இதற்குத் துணை 'புசோ'. தென்னங்கீற்றில் முடைந்த கூட்டுக்குள் அரிசியைப் போட்டு வேக வைத்த சோற்றுப் பொட்டலம் அது.

ஊற வைக்கும் சாற்றில் இன்னொரு முக்கியமான பொருள் உண்டு. அது வாழைப்பழ கெட்சப். இதன் பின்னால் ஒரு பெண்மணியின் வாழ்க்கை இருக்கிறது. மரியா ஓரோசா என்ற உணவு வேதியியலாளர் அமெரிக்காவில் சியாட்டில் நகரில் படித்துவிட்டு நாடு திரும்பியவர். வெளிநாட்டு டின்களை நம்பி வாழ்ந்த நாட்டுக்கு, உள்ளூர்ப் பொருள்களிலேயே மாற்று கண்டுபிடிப்பதை வேலையாக எடுத்துக்கொண்டார். தக்காளிக்குப் பதில் வாழைப்பழம் என்பது அந்த யோசனைகளில் ஒன்று. ஜப்பானிய ஆக்கிரமிப்பின்போது, முகாம்களில் அடைபட்டுப் பட்டினி கிடந்த கைதிகளுக்கு அவர் தயாரித்த சத்துணவு ரகசியமாகப் போய்ச் சேர்ந்தது. 1945 பிப்ரவரியில் மணிலாவுக்காக அமெரிக்கர்களும் ஜப்பானியர்களும் மோதியபோது குண்டுச் சிதறல் பட்டு இறந்தார். இன்றைக்குக் குச்சிக் கறியின் சிவப்பு நிறத்திலும் தித்திப்பிலும் அவர் பங்கு இருக்கிறது.

பன்றிக்கறிக்கும் அந்தத் தீவுகளுக்கும் உள்ள உறவு ஸ்பானியர் வருகைக்கும் முந்தியது. மகெல்லனுடன் வந்த இத்தாலியர் பிகஃபெட்டா, 1521 மார்ச்சில் லிமாசாவா தீவில் உள்ளூர் அரசரின் விருந்தாளியாக உட்கார்ந்தார். பரிமாறப்பட்டது பன்றிக்கறி. அன்று பெரிய வெள்ளி. கத்தோலிக்கர் கறியைத் தொடக்கூடாத நாள். மறுக்க வழியில்லாமல் தின்றதாக அவரே எழுதி வைத்திருக்கிறார்.

பிறகு வந்த 300 சொச்சம் ஆண்டு ஆட்சியில் ஸ்பானியர்கள் பல பதார்த்தங்களுக்குத் தங்கள் பெயரைச் சூட்டினார்கள். காடியில் கறியை வேக வைத்து நாள் கணக்கில் கெடாமல் வைத்திருக்கும் வித்தை தீவுவாசிகளுக்கு முன்பே தெரியும். தென்னை மரமும் கள்ளும் உள்ள ஊரில் காடிக்குப் பஞ்சமில்லை. அதைப் பார்த்த பாதிரியார் ஒருவர், 1613ல் வெளியான டகாலோக் அகராதியில் 'உள்ளூர்க்காரர்களின் அடோபோ' என்று குறித்தார். ஸ்பானிய மொழியில் அடோபோ என்றால் ஊற வைக்கும் மசாலா. பழைய பெயர் காணாமல் போனது; சமையல் நிலைத்தது. சீன வணிகர்கள் கொண்டுவந்த சோயா சாஸ் பிற்பாடு அதில் சேர்ந்துகொண்டது. லுசோன் தீவின் வடக்கு மலைகளில் இகோரோட் மக்கள் கறியை உப்பிட்டு, வெயிலிலும் புகையிலும் உலர்த்தி, 'எடாக்' என்ற உப்புக்கண்டமாக்குகிறார்கள். அங்கே காடியின் வேலையை உப்பும் புகையும் செய்கின்றன.

முழுப் பன்றியை வாட்டும் 'லெச்சோன்' பெயரும் ஸ்பானிய இரவல்தான். பால்குடி மறவாத குட்டியைக் குறிக்கும் சொல் அது. பிலிப்பைன்ஸில் வளர்ந்த பன்றியையே கழியில் கோக்கிறார்கள். வயிற்றைச் சுத்தம் செய்து, மூங்கிலில் செருகி, தணலுக்கு மேலே ஆள் வைத்து மணிக்கணக்கில் திருப்ப வேண்டும். தட்டினால் கண்ணாடி மாதிரி ஓசை எழுப்பித் தோல் உடைந்தால்தான் பதம் சரி. செபுக்காரர்கள் வயிற்றுக்குள் எலுமிச்சைப் புல்லும் பூண்டும் வெங்காயத்தாளும் திணித்துத் தைப்பார்கள். அவர்களுக்குச் சாஸ் தொட்டுக்கொள்வது சமையல்காரரை அவமதிப்பது போல. மணிலாக்காரர்களுக்கோ ஈரலை அரைத்துக் காடியும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சிய குழம்பு இல்லாமல் இறங்காது. எது உசத்தி என்ற வழக்கு என்றைக்கும் முடியாது. பட்டங்காஸ் மாகாணத்தின் பாலாயான் ஊரில் ஜூன் 24, புனித யோவான் திருநாளன்று, பொன்னிறமாக வாட்டிய பன்றிகளுக்கு உடை மாட்டி, கண்ணாடி அணிவித்து ஊர்வலம் விடுகிறார்கள். வழியில் யாரும் பிய்த்துத் தின்றுவிடாமலிருக்க முள்கம்பி வேலி கட்டிய பல்லக்குகளும் உண்டு.

லெச்சோன் பணக்காரர் பந்தியின் அடையாளம். அடுத்த நாள்தான் ஏழையின் பந்தி. மிஞ்சிய எலும்பையும் தலையையும் காடியிலும் ஈரல் குழம்பிலும் போட்டுக் கொதிக்க வைத்தால் 'பக்சியூ'. அறுத்தபோது பிடித்து வைத்த ரத்தத்தில் காடி விட்டுச் சமைத்தால் 'டினுகுவான்'. இதற்காகவே லெச்சோன் வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

நாடு முழுக்கப் பன்றிதான் என்று எண்ணிவிடக் கூடாது. தெற்கே மிண்டனாவோ, சுலு பகுதி முஸ்லிம்கள் அதைத் தொடமாட்டார்கள். சுலுவின் தவுசுக் மக்கள் தேங்காயைக் கரியாகும் வரை சுட்டு அரைத்து, மாட்டுக்கறியுடன் கறுப்புக் குழம்பு வைக்கிறார்கள். பெயர் 'தியுலா இடும்'. பக்கோலோட் நகரத்தின் பெருமை கோழி 'இனாசல்'. எலுமிச்சைப் புல், இஞ்சி, காடியில் ஊறிய கோழியைச் செந்நிற அச்சுவேட்டே விதை காய்ச்சிய எண்ணெய் பூசி வாட்டுவது அது.

இந்தியச் சுவடும் இல்லாமல் இல்லை. வாட்டிய கறிக்குத் தொட்டுக்கொள்ளும் பப்பாளிக்காய் ஊறுகாயின் பெயர் 'அச்சாரா'. வட இந்தியாவின் 'அச்சார்' மலாய் வழியாகப் போய் இறங்கியிருக்கிறது. 1762ல் பிரிட்டிஷார் மணிலாவைப் பிடித்தபோது அந்தப் படை புறப்பட்டது சென்னையிலிருந்து. 1764ல் அவர்கள் கப்பலேறியபோது சிப்பாய்களில் சிலர் திரும்பவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே கைந்தா ஊரில் குடியேறி, உள்ளூர்ப் பெண்களை மணந்தார்கள். மாட்டு வாலையும் குடலையும் வேர்க்கடலைக் குழம்பில் வேக வைக்கும் 'கரே-கரே', அவர்கள் தேடிய 'கறி'யிலிருந்து வந்தது என்று ஒரு கதை அங்கே வழங்குகிறது. வேறு ஊர்கள் வேறு கதை சொல்கின்றன. எந்தக் கதையானாலும் சட்டியில் இருப்பது வாலும் குடலும்தான்.

மிச்சம் விருந்தான கதைகளில் மிகப் பிரபலமானது 'சிசிக்'. 1732ல் வந்த கபம்பங்கான் மொழி அகராதியில் இது காடி சேர்த்த காய் பச்சடி. இன்றைய சிசிக்குக்குக் காரணம் ஓர் அமெரிக்க ராணுவத் தளம். அங்ஹெலஸ் நகரை ஒட்டிய கிளார்க் விமானப் படைத் தளத்தின் சமையல் கூடங்களுக்குப் பன்றித் தலை தேவைப்படவில்லை. அடிமாட்டு விலைக்கு அவை வெளியே வந்தன. ரயில் பாதையோரம் கடை வைத்திருந்த லூசியா குனானன், 1970களில், வேக வைத்த காதையும் கன்னக் கறியையும் தணலில் வாட்டி, பொடியாக நறுக்கி, வெங்காயமும் மிளகாயும் கலமன்சிச் சாறும் கலந்து பரிமாறினார். பிறகு அது சூடான இரும்புத் தட்டில் ஏறி, சீறிக்கொண்டே மேசைக்கு வந்தது. 1991 ஜூனில் பினதூபோ எரிமலை வெடித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் செனட் தள ஒப்பந்தத்தை நிராகரித்தது. அமெரிக்கர்கள் போய்விட்டார்கள்; சிசிக் இருக்கிறது. 2017ல் அங்ஹெலஸ் நகராட்சி அதை நகரத்தின் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. ஒரு காலத்தில் வேண்டாத பண்டமாக இருந்த பன்றித் தலைக்கு இப்போது நல்ல கிராக்கி.

ஆனால் இந்தச் சக்கரத்துக்கு அச்சாணி ஹோட்டல்களில் இல்லை. அது கிராமத்து வீட்டுக் கொல்லையில் இருக்கிறது. 2019 வரை நாட்டின் பன்றிகளில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு வீட்டுக் கொல்லைகளில்தான் வளர்ந்தன. ஒரு வீட்டில் இரண்டு, மூன்று. வங்கிக் கணக்கு இல்லாத குடும்பத்துக்கு அதுவே உண்டியல். பள்ளி திறக்கும்போது ஒன்று, யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் ஒன்று, திருவிழாவுக்கு ஒன்று. குட்டி வாங்கவும் காசில்லாதவர்கள் 'பயிவி' முறையில் மற்றவர் குட்டியை வளர்த்துப் பங்கு பெற்றார்கள். தீவனச் செலவு குறைவு. நம்மூரில் கழுநீர்ப் பானை மாட்டுக்குப் போவது போல, அங்கே வீட்டுச் சோறும் சாப்பாட்டுக் கடை மிச்சமும் பன்றிக்குப் போகும். அந்த எச்சிலுக்கு 'கானிங் பாபோய்' என்றே பெயர். பொருள்: பன்றிச் சோறு. வீட்டு மிச்சம் பன்றியாயிற்று, பன்றி பந்தியாயிற்று, பந்தியின் மிச்சம் தெருவோர அடுப்புக்கு வந்தது. எதுவும் வீணாகவில்லை.

2019 செப்டம்பரில் இந்தச் சக்கரம் உடைந்தது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நாட்டுக்குள் நுழைந்துவிட்டதை அரசு உறுதிசெய்தது. முதலில் தெரிந்தது மணிலாவை ஒட்டிய ரிசால் மாகாணத்தில். மனிதர்களை இந்த நோய் தொடாது. பன்றிக்குத் தொற்றினால் பிழைப்பது அபூர்வம், மருந்தும் கிடையாது. அந்த மாதமே மரிக்கினா ஆற்றில் செத்த பன்றிகள் மிதந்தன. கிருமி உப்பிட்ட கறியிலும் உறைய வைத்த கறியிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். நோயுள்ள கறித் துண்டு ஒன்று எச்சில் வாளியில் விழுந்தால் போதும், கொல்லைக்கு வந்துவிடும். எதையும் வீணாக்காத அந்தப் பழக்கமே நோய்க்கு வாகனமாயிற்று. மிச்சச் சோறு போடாதீர்கள் என்று அரசு தடை விதித்தது. நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த பன்றிகள் அனைத்தையும் கொன்று புதைக்க உத்தரவிட்டது. ஒரு பன்றிக்கு நஷ்டஈடு 3,000 பெசோ, பின்னர் 5,000 பெசோ. உண்டியலை உடைத்தவர்களுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

2020 முடிவதற்குள் நாட்டின் பன்றிகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று இல்லாமல் போனது. விலை எகிறியது. 2021 பிப்ரவரியில் அதிபர் துதெர்தே மணிலா பகுதிக்கு 60 நாள் விலைக் கட்டுப்பாடு கொண்டுவந்தார். கிலோ ஒன்றுக்குத் தோள்கறி 270 பெசோ, வயிற்றுக் கறி 300 பெசோ. அந்த விலைக்குக் கொள்முதலே செய்ய முடியாது என்று கடைக்காரர்கள் கடையைச் சாத்தினார்கள். அடுத்ததாக இறக்குமதி. சலுகை வரியில் வரக்கூடிய கறியின் அளவு 54,210 டன்னிலிருந்து 2,54,210 டன்னாக உயர்ந்தது. மணிலாவின் பெரிய கடைகளுக்கு வெளிநாட்டு உறைகறி வந்து சேர்ந்தது. குட்டி வாங்கித் திரும்பத் தொடங்கலாமா என்று தயங்கிக்கொண்டிருந்த கொல்லைக்காரருக்கு அது இன்னொரு அடி. லாரிகளை மறித்துத் தடுப்புப் போட்டு மூன்றாண்டு தாக்குப்பிடித்த செபுவிலும் 2023 மார்ச்சில் நோய் தென்பட்டது. முதலில் அகப்பட்டது கார்கார். லெச்சோனுக்கும் பொரித்த தோலுக்கும் பெயர்பெற்ற ஊர்.

2024 ஆகஸ்டில் பட்டங்காஸின் லோபோவில், வியட்நாமில் தயாரான தடுப்பூசியை அரசு போடத் தொடங்கியது. 2025 மார்ச்சில் மறுபடியும் விலை வரம்பு. இம்முறை வயிற்றுக் கறிக்கு 380 பெசோ. அதையும் கடைகள் மதிக்கவில்லை. மே மாதத்தில் விலக்கிக்கொண்டார்கள். 2019க்கு முந்திய எண்ணிக்கையை நாடு இன்னும் எட்டவில்லை. இது பிலிப்பைன்ஸின் தனிக் கவலையும் அல்ல. 2020ல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் தென்பட்ட இதே நோய், அடுத்த ஆண்டு மிசோரமுக்குப் பரவியது. வடகிழக்கிலும் பன்றி ஏழை வீட்டின் சேமிப்புதான்.

பெரிய பண்ணைகள் சமாளித்துவிடும். அவற்றுக்கு வேலி உண்டு, கிருமிநாசினித் தொட்டி உண்டு, வாங்கிப் போடத் தீவனம் உண்டு, வங்கிக் கடன் உண்டு. திருவிழா லெச்சோனும் நிற்காது; காசுள்ளவர் கூடுதல் விலை கொடுத்து வாங்கிக்கொள்வார். கொல்லையில் இரண்டு பன்றி கட்டியிருந்தவர்தான் திரும்ப வர முடியாமல் நிற்கிறார். தீவனம் வாங்கிப் போட்டு வளர்த்தால் அவருக்குக் கணக்கு உதைக்கிறது. மிச்சச் சோறு போட்டால் சட்டம் உதைக்கிறது, கிருமியும் காத்திருக்கிறது.

தடுப்பூசி பரவலாகி, விலை அவருக்கு எட்டினால் நிலைமை மாறலாம். அதுவரை ஒரு விஷயம் புதிது. அந்தத் தீவுகளின் ஏழைகள் இதுவரை பிறர் ஒதுக்கிய தலையையும் குடலையும் ரத்தத்தையும் விருந்தாக்கிக் காட்டியிருக்கிறார்கள். ஆட்சிகள் மாறியபோதும், படைகள் வந்து போனபோதும், விலைவாசி கழுத்தை நெரித்தபோதும் அவர்கள் கைக்கு மிச்சம் என்று ஏதோ ஒன்று வந்துகொண்டிருந்தது. முழுப் பன்றி ஊருக்குள் வளர்ந்தால்தான் அதன் காதும் காலும் மலிவாகக் கிடைக்கும். கறி கப்பலில் பெட்டி பெட்டியாக வந்தால் ஒவ்வொரு துண்டுக்கும் விலைச்சீட்டு இருக்கும். காலுக்கு அடிடாஸ் என்று பெயர் வைத்தது கேலிக்காக. அதன் விலையும் அந்தப் பெயருக்கு ஏற்றபடி ஆகிவிட்டால், அந்தக் கேலியில் சிரிக்க ஏதும் இருக்காது.